பெட்ரோல் பங்கில் ருசியான சாப்பாடு: இதில் என்ன அதிசயம்?

அமெரிக்காவில் சாப்பாட்டைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதும் கனவான்கள் சில காலமாக ஓர் "அதிசயத்தை"ப் பரப்பி வருகிறார்கள். அந்த நாட்டின் மிக ருசியான டாக்கோ பெரிய ஓட்டல்களில் இல்லையாம். பெட்ரோல் பங்கின் ஓரத்தில், எஞ்சின் ஆயிலும் சிகரெட்டும் விற்கும் கடையின் மூலையில், ஒரு சின்ன அடுப்படியில் கிடைக்கிறதாம்!

விஷயம் உண்மைதான். டெக்ஸாஸ் ராஜ்யத்தின் டல்லாஸ் நகரில் ப்யூயல் சிட்டி என்ற பெட்ரோல் பங்க் இருக்கிறது. 2006-இல் டெக்ஸாஸ் மந்த்லி பத்திரிகை சிறந்த டாக்கோக்களைப் பட்டியல் போட்டபோது, இந்தப் பங்கில் விற்ற கொத்துக்கறி டாக்கோவையும் சேர்த்துப் புகழ்ந்தது. மேரிலாந்து ராஜ்யத்தில் எல்க்ரிட்ஜ் ஊரின் ஆர் அண்ட் ஆர் டாக்கேரியா ஒரு பெட்ரோல் பங்குக்குள் தொடங்கித்தான் பெயர் வாங்கியது.

ஆனால் அதிசயம் எங்கே இருக்கிறது? உழைப்பாளி சாப்பிடும் இடத்தில் நல்ல சாப்பாடு இருக்காது என்று நினைப்பவனுக்குத்தான் இது அதிசயம். நமக்கு இல்லை.

யார் சமைக்கிறார்கள், யாருக்காக?

டாக்கோ மெக்ஸிகோ மக்களின் உணவு. மக்காச்சோள மாவைத் தட்டிக் கல்லில் போட்டெடுத்த மெல்லிய ரொட்டிக்கு டோர்ட்டில்லா என்று பெயர். அதில் சுட்ட இறைச்சியையோ வேகவைத்த பயறையோ வைத்து, வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி, மிளகாய்ச் சாறு ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, மடித்துக் கையில் கொடுப்பார்கள். தட்டு வேண்டாம், மேஜை வேண்டாம். நின்றபடியே தின்றுவிட்டு வேலைக்கு ஓடலாம்.

விடியுமுன்பே இந்த அடுப்புகள் எரியத் தொடங்குகின்றன. கூரை போடுகிறவர், கான்கிரீட் கொட்டுகிறவர், பழம் பறிக்கப் போகிறவர், லாரி டிரைவர் - வண்டிக்குப் பெட்ரோல் போட நிற்கும் இடத்திலேயே வயிற்றையும் கவனித்துக்கொள்கிறார்கள். இவர்களில் பலர் மெக்ஸிகோவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். சமைப்பவரும் அப்படியே வந்தவர்தான். 1994-இல் வர்த்தக ஒப்பந்தம் அமுலுக்கு வந்தபின், சர்க்கார் மானியத்தில் விளைந்த அமெரிக்க மக்காச்சோளம் மெக்ஸிகோவில் குவிந்தது. விலை போட்டியில் நிற்க முடியாத சிறு விவசாயிகள் பலர் நிலத்தை விட்டுக் கிளம்பினார்கள். மக்காச்சோளம் விளைத்த கை, இன்று அந்நிய நாட்டில் மக்காச்சோள ரொட்டி தட்டுகிறது!

ஓட்டல் வைக்கப் பெருமுதல் வேண்டும். பங்கின் மூலைக்கு அவ்வளவு வேண்டாம். அமெரிக்காவில் சுமார் ஒன்றரை லட்சம் சில்லறைக் கடைகள் இப்படி இருக்கின்றன. ஐந்தில் நான்கு, பெட்ரோலும் விற்பவை. பெட்ரோலில் கடைக்காரருக்கு மிஞ்சுவது சொற்பம். காபியும் தின்பண்டமும் விற்றால்தான் கட்டுப்படியாகும். எனவே சமையல்காரருக்கு ஒரு மூலை கிடைக்கிறது.

அங்கே ருசியைக் காப்பது யார்? தினமும் வரும் தொழிலாளிதான். தாயின் கையால் டோர்ட்டில்லா தின்று வளர்ந்தவனை விளம்பரத்தால் ஏமாற்ற முடியாது. ஆறிப்போன ரொட்டியைக் கொடுத்தால் நாளைக்கு அடுத்த பங்குக்குப் போய்விடுவான்.

உழைப்பாளியின் அறிவு

டாக்கோவின் பிறப்பே உழைப்பாளியிடம்தான் என்கிறார், அதன் வரலாற்றை எழுதிய ஜெஃப்ரி பில்ச்சர். மெக்ஸிகோவின் வெள்ளிச் சுரங்கங்களில் பாறையைப் பிளக்க, வெடிமருந்தைக் காகிதத்தில் சுருட்டித் துளையில் திணிப்பார்கள். அந்தச் சுருளுக்கு டாக்கோ என்று பெயர். அதிலிருந்தே உணவுக்கும் பெயர் வந்தது என்பது அவர் கருத்து.

டோர்ட்டில்லா மாவில் இன்னொரு அறிவு இருக்கிறது. மெக்ஸிகோவின் ஆதிகுடிகள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, தோலை நீக்கி அரைத்தார்கள். அப்படிச் செய்தால்தான் அதிலுள்ள நியாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேரும். பெரிய தானிய வியாபாரிகள் மக்காச்சோளத்தை வாங்கினார்கள், இந்த அறிவை வாங்கவில்லை. விளைவு என்ன?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தெற்குப் பகுதியில் பெல்லாக்ரா நோய் பரவியது. தோல் வெடித்தது, வயிறு கழிந்தது, புத்தி கலங்கியது, உயிர் போனது. இது தொற்று வியாதி என்று பலர் சொன்னார்கள். 1914-இல் அனுப்பப்பட்ட டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர், தெற்குக் கரோலினாவின் பஞ்சாலைக் கிராமங்களில் வீடு வீடாக ஆராய்ந்தார். கூலி குறைந்த வீட்டில் நோய் அதிகம்! பாலுக்கும் இறைச்சிக்கும் வழியில்லாமல், மக்காச்சோள மாவையும் வெல்லப்பாகையும் தின்று கிடந்த ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைத்தான் அது பிடித்தது. பஞ்சாலைத் தோழர்களே, நோயின் பெயர் பெல்லாக்ரா. காரணத்தின் பெயர் குறைந்த கூலி.

இறைச்சியின் கதையும் இதுதான். தெற்கு டெக்ஸாஸ் பண்ணைகளில் மாடு மேய்த்தவர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாக மாட்டுத் தலையையும் விலாவடிச் சதையையும் கொடுத்தார்கள். நல்ல சதை எஜமானனுக்கு! கழித்துப் போட்டதைக் குழியில் இரவெல்லாம் வேகவைத்தும், தணலில் வாட்டியும் ருசியாக்கியவர்கள் அந்தத் தொழிலாளர்கள். இன்று அதையே பெரிய ஓட்டல்கள் பெரிய விலைக்கு விற்கின்றன.

லாபம் யாருக்கு?

சான் அண்டோனியோ நகரின் சதுக்கங்களில் மெக்ஸிகோ பெண்கள் பல பத்தாண்டுகள் இரவில் அடுப்பு வைத்து உணவு விற்றார்கள். சுகாதார விதியைக் காட்டி 1930களின் இறுதியிலும் 1940களின் தொடக்கத்திலும் அவர்களை விரட்டினார்கள். கலிபோர்னியாவில் சான் பெர்னார்டினோ ஊரில் 1937-இல் தொடங்கிய மிட்லா கபேக்கு எதிரே கிளென் பெல் என்பவர் கடை வைத்திருந்தார். எதிர்க்கடையில் டாக்கோ செய்யும் விதத்தைக் கற்றுக்கொண்டார். 1962-இல் டாக்கோ பெல் கம்பெனி பிறந்தது. அது உலகெங்கும் பரவியது. மிட்லா கபே ஒரே கடையாகவே நின்றது.

பங்க் அடுப்படியும் தப்பவில்லை. டெக்ஸாஸின் ஸ்ட்ரைப்ஸ் கடைகளுக்குள் நடந்த லாரெடோ டாக்கோ கம்பெனியின் சமையலறைகள், 2018-இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் கைமாறியபோது செவன் இலெவன் கையில் சேர்ந்தன. அதன் தலைமை முதலாளி ஜப்பானில் இருக்கிறார்.

அடுப்படியில் நிற்பவருக்கு என்ன கிடைத்தது? அமெரிக்க மத்திய சர்க்காரின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009-க்குப் பிறகு அது ஒரு செண்ட் கூட உயரவில்லை. டெக்ஸாஸில் அதுவே சட்டம். தக்காளியும் வெங்காயமும் பறிக்கும் விவசாயத் தொழிலாளரை 1935-ஆம் வருஷத் தொழிற்சங்கச் சட்டம் வெளியே நிறுத்தியது. அவர்களுக்கு ஓவர்டைம் கூலி உரிமையை மத்தியச் சட்டம் இன்றுவரை தரவில்லை.

கூலி மட்டுமா? 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் குடியேற்றப் போலீஸ், கூலிவேலைக்கு ஆட்கள் காத்து நிற்கும் இடங்களிலும் கார் கழுவும் நிலையங்களிலும் புகுந்து ஆட்களைப் பிடித்தது. தெருவோர டாக்கோக்காரர்கள் பலர் வெளியே வரவே அஞ்சினார்கள். சமைக்கும் கை இனிக்கிறது. அந்தக் கைக்குரியவர் கசக்கிறார்!

நல்ல சாப்பாட்டைப் புகழட்டும், நாமும் புகழ்வோம். ஆனால் சமைத்தவருக்கு நியாயமான கூலி, பறித்தவருக்குச் சங்க உரிமை, இருவருக்கும் அச்சமின்றி வாழும் உரிமை - இவற்றைப் பேசாத புகழ்ச்சி, தின்றுவிட்டுக் காசு கொடுக்காமல் எழுந்து போவதற்குச் சமம். உழைப்பாளி தன் அறிவாலும் கைத்திறனாலும் கழிவைக்கூட விருந்தாக்குகிறான். அந்த விருந்தில் அவனுக்கும் உரிய பங்கு வேண்டும். அது பிச்சை அல்ல, பாக்கி!