மமத் வெண்கற்படிகள்

ஐக்கிய அமெரிக்காவின் யெலோஸ்ரோன் பூங்கா 1872 ஆம் ஆண்டு மார்ச்சு 1 ஆந் திகதி நிறுவப்பட்டது. உலகின் முதலாவது தேசியப் பூங்கா எனப் போற்றப்படும் அதன் வடபாகத்திலே மமத் வெந்நீரூற்றுக்கள் உள்ளன. அவற்றைக் காணும் பேறு நமக்குக் கிட்டியது.

வெந்நீரூற்று என்றதும் நம்மவர் மனக்கண்ணில் தோன்றுவன கன்னியாவின் ஏழு கிணறுகளே. அங்கே நீரை அள்ளித் தலையில் வார்க்கலாம். மமத்திலோ விரல் நனைத்தலும் ஆகாது. ஊற்றுவாயில் வெப்பம் ஏறக்குறைய 70 பாகை செல்சியசு. மரப்பலகை நடைபாதையில் நின்றே பார்த்தல் வேண்டும்.

பார்த்தோம், மலைச்சரிவிலே படிப்படியாய் வெண்கற் கிண்ணங்கள்! ஒன்று நிரம்பி வழிய, அடுத்தது ஏந்துகின்றது. வெந்நீரில் வாழும் நுண்ணுயிர்கள் அவற்றுக்கு மஞ்சளும் செம்மஞ்சளும் கபிலமும் தீட்டியுள்ளன.

இப்படிகளைக் கட்டிய சிற்பி யார்? மண்ணுள் இறங்கிய மழைநீரும் பனிநீரும் எரிமலை வெப்பத்தாற் சூடேறி, காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்னமிலமாகின்றன. அது மேலேறும் வழியிற் சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கின்றது. வெளிவந்ததும் வாயு பிரிந்து போக, சுண்ணாம்பு படிந்து கல்லாகின்றது. நீர் வழிமாறினால் படிகள் வறண்டு நரைக்கும். 37 அடி உயரமான 'லிபேட்டி கப்' என்னும் கற்கூம்பும் அவ்வாறு ஓய்ந்துபோன ஓர் ஊற்றே.

நடைபாதையோரம் வெண்சில்லொன்று கிடந்தது. வகுப்பிற் காட்டலாமே என்று கையை நீட்டினோம்.

"மாமா, எடுப்பது குற்றம்" என்றான் உடன்வந்த மருமகன்.

"ஒரு சில்லுத்தானே, தம்பி? மாணாக்கருக்குப் பயன்படும்."

"2021 இல் மாத்திரம் 48 இலட்சம் பேருக்கு மேல் வந்தார்கள், மாமா. எல்லாரும் அப்படியே சொன்னால்?"

நீட்டிய கை மடங்கியது. இருபது ஆண்டுகளாகப் பிறருக்கு ஓதிய பாடத்தை அன்று பதினான்கு வயதுப் பாலகனிடம் நாம் படித்தோம். சற்று நாணமும் உற்றோம்.

வெறுங்கையுடன் ஊர் திரும்பினோம். மறுநாட் காலை தேநீருக்கு நீர் கொதித்தது. கேத்தலின் உட்புறத்தை நோக்கினோம். அங்கே வெள்ளைப் படிவு! யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீரும் சுண்ணாம்புப் பாறையினூடு வருவதன்றோ? கொதிக்கையில் வாயு நீங்க, அதே சுண்ணாம்பு படிகின்றது.

அந்தக் கேத்தலையே வகுப்புக்குக் கொண்டு சென்றோம். மாணவர் கண்களில் வியப்பு மலர்ந்தது. மமத்தின் சில்லோ இருந்த இடத்திலேயே இருக்கின்றது.