கிகாலி உடன்படிக்கையும் நம் ஊர் மெக்கானிக்கும்

கத்திரி வெயிலில் நாட்டரசன்கோட்டைக்குப் போகிறவர் கண்ணாத்தாள் கோயிலை அடுத்த வீதிகளில் சற்று நடந்தால் இரண்டு காலங்களை ஒருங்கே காணலாம். ஒரு பக்கம் நகரத்தார் கட்டிய பழைய பெருவீடுகள்: கனத்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, அடுக்கடுக்காக வேய்ந்த நாட்டு ஓடு, நடுவே வானம் பார்த்த முற்றம். அவற்றிற் பல பூட்டிக் கிடக்கின்றன. மறு பக்கம் பிற்காலத்துக் கான்கிரீட் வீடுகள். பகலெல்லாம் வாங்கிய உஷ்ணத்தை இரவெல்லாம் உள்ளே இறக்கும் கூரைகள். அவற்றின் சுவர்களில் இரைந்துகொண்டிருக்கும் ஏர் கண்டிஷனர் பெட்டிகள். அப்பெட்டிகளுக்குள் ஓடும் வாயுவைப் பற்றியே இன்று நேயர்களுடன் பேச விரும்புகிறோம். 2016-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில், ருவாண்டா நாட்டின் தலைநகராகிய கிகாலியில் நமது பிரதிநிதிகள் ஒப்புக்கொண்டு, 2021-ல் நம் சர்க்கார் உறுதிப்படுத்திய கடமை ஒன்று இச்சுவர்களின்மீது வந்து தொங்குகிறது.

இவ்வாயுக்களின் சரித்திரம் விசித்திரமானது. முதலில் வந்தவை ஓசோன் படலத்தை அரித்தன. அவற்றை ஒழிக்க 1987-ல் மாண்ட்ரீல் நகரில் உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியா 1992-ல் அதில் சேர்ந்தது. ஓசோனைக் காப்பதற்காகப் புதிதாகக் கொண்டுவந்த எச்.எப்.சி. வாயுக்களோ பூமியைச் சூடேற்றுவதில் மகா சமர்த்தர்கள். இக்காலத்துப் பெட்டிகளில் அதிகமாக வழங்கும் ஆர்.32 என்னும் வாயு ஒரு கிலோ வெளியேறினால், நூறு வருஷக் கணக்கில், 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான கெடுதல் செய்யும். ஆர்.410ஏ என்பது 2,088 மடங்கு. பழைய பெட்டிகளில் இன்னும் உள்ள ஆர்.22 சுமார் 1,810 மடங்கு. அத்துடன் ஓசோனுக்கும் பகை. ஒரு வீட்டுப் பெட்டியில் அடங்குவது ஏறக்குறைய ஒரு கிலோதான். அந்த ஒரு கிலோவை அற்பமென்று ஒதுக்க முடியாது என்பது மேற்கண்ட கணக்கால் விளங்கும்.

கிகாலியில் செய்த ஏற்பாடு யாதெனில், செல்வ தேசங்கள் 2019-ல் குறைக்கத் தொடங்கி 2036-க்குள் 85 சதவிகிதம் குறைக்க வேண்டும். சீனா முதலிய தேசங்கள் 2024-ல் வரம்பு கட்டி, 2045-க்குள் 80 சதவிகிதம் குறைக்க வேண்டும். இந்தியாவுக்கு வரம்பு 2028-ல். பிறகு 2032-ல் 10, 2037-ல் 20, 2042-ல் 30, 2047-ல் 85 சதவிகிதம் என்று படிப்படியாகக் குறைய வேண்டும். நமக்கு அதிக அவகாசம் கிடைத்ததைச் சிலர் குறையாகப் பேசுகிறார்கள். நாம் அதை ஒப்பவில்லை. பாஸ்டன் நகரத்துப் பனிக்கட்டியைக் கப்பலில் வரவழைத்து, அதற்கென்றே 1842-ல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டிய காலத்தில், அந்தக் குளிர்ச்சி யாருக்குக் கிடைத்தது என்பதை நேயர்கள் அறிவார்கள். இன்றோ வெயில் கொல்லுகிறது. 2024-ல் தமிழ்நாட்டு சர்க்காரே வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவிக்கும்படியாயிற்று. தகரக் கொட்டகையில் தூங்கும் தொழிலாளிக்கும், தடுப்பூசி மருந்தைக் காக்கும் கிராம ஆஸ்பத்திரிக்கும், பாலையும் மீனையும் சந்தைக்கு அனுப்புகிறவனுக்கும் குளிர்ச்சி அவசியமான பொருள். அதை மறுக்கும் உரிமை எந்தத் தேசத்துக்கும் இல்லை. அவகாசம் நியாயமானதே.

ஆனால் அவகாசத்தை எப்படிக் கழிக்கிறோம் என்பது வேறு விஷயம். 2024, 2025, 2026 ஆகிய மூன்று வருஷங்களின் உபயோகத்தைக் கொண்டே நமது வரம்பைக் கட்டுகிறார்கள். இவ்வருஷங்களில் கணக்கு எவ்வளவு உயருகிறதோ, அவ்வளவு உயரத்தில் வரம்பும் அமையும். இதில் அதிகாரிகளுக்கும் ஆலை முதலாளிகளுக்கும் அவசரம் காட்டக் காரணம் ஏதும் இராது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. உடன்படிக்கை எண்ணுவது உற்பத்தியாகும் வாயுவையும், இறக்குமதி ஏற்றுமதியையுமே. பெட்டிக்குள் போய்விட்ட வாயு எப்பொழுது, எங்கே வெளியேறியது என்று அது கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம். நம் ஊர்களில் நடப்பது என்ன? பெட்டி குளிரவில்லை என்று சொல்லியனுப்புகிறார்கள். மெக்கானிக் மோட்டார் சைக்கிளில் ஸிலிண்டரைக் கட்டிக்கொண்டு வருகிறார். குழாயைத் தளர்த்தி, மிஞ்சிய வாயுவை உஸ்ஸென்று வெளியே விடுகிறார். கசிவு எங்கே என்று தேட நேரமில்லை, வீட்டுக்காரருக்கும் பொறுமையில்லை. புது ‘கேஸ்’ ஏற்றிவிட்டுப் போகிறார். அடுத்த கோடையில் அதே பெட்டிக்கு அதே வைத்தியம்.

சரியான முறை இவருக்குத் தெரியாததன்று. பழைய வாயுவை இயந்திரத்தால் இழுத்துத் தனி ஸிலிண்டரில் அடைக்க வேண்டும். நைட்ரஜனை ஏற்றிக் கசிவைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பினால் வெளியேற்ற வேண்டும். பிறகு தராசில் நிறுத்து நிரப்ப வேண்டும். இத்தனைக்கும் வேண்டிய கருவிகள், கோடை மாதங்களில் மட்டும் கை நிறையச் சம்பாதிக்கும் ஒருவருடைய பல மாத வருமானத்தை விழுங்கிவிடும். அப்படியே வாங்கினாலும், பிடித்து வைத்த பழைய வாயுவை யாரிடம் கொடுப்பது? அதற்கு விலை தருகிறவர் நம் ஜில்லாவில் யார்? அவர்மீது குற்றம் சுமத்துவதில் நமக்கு விருப்பமில்லை. அமெரிக்காவில் ஓசோனைக் கெடுக்கும் வாயுக்களை வேண்டுமென்றே காற்றில் விடுவது 1992 முதலே சட்ட விரோதம், எச்.எப்.சி. வாயுக்களுக்கும் அந்தத் தடை பின்னர் வந்தது. அங்கே சட்டத்துடன் கருவியும், வாயுவைத் திரும்ப வாங்கிச் சுத்தம் செய்யும் ஏற்பாடும் சேர்ந்து நின்றன. இங்கே 2019-ல் வெளியிட்ட இந்தியக் குளிர்ச்சித் திட்டம், 2022-23-க்குள் ஒரு லக்ஷம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும் அளிப்பதாகச் சொல்லிற்று. நல்ல யோசனைதான். எனினும் சான்றிதழைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாயுவைப் பிடிக்க முடியுமா?

இனி, இப்போதுள்ள வாயுக்களுக்குப் பதில் எது என்பதில்தான் நமது தேச நன்மை அடங்கியிருக்கிறது. அந்நிய நாட்டு ரசாயனக் கம்பெனிகள் எச்.எப்.ஓ. என்னும் புது வர்க்கத்தைக் கொண்டுவந்திருக்கின்றன. அவற்றால் பூமி சூடாவது மிகக் குறைவு, மெய்தான். ஆனால் அவற்றுக்குப் பேடண்டு உரிமைகள் வேலியிட்டிருக்கின்றன. அவற்றிற் சில காற்றில் சிதைந்து, எளிதில் அழியாத ஓர் அமிலமாக நீரில் சேர்கின்றன. ஒரு வாயுவுக்காகக் கப்பம் கட்டி, அது போனபின் மற்றொரு வாயுவுக்காகக் கப்பம் கட்டும் நிலையை நாம் வரவேற்க இயலாது. ப்ரோபேன், ஐசோபுடேன், அம்மோனியா ஆகியவை இயற்கையில் உள்ளவை. அவ்வாயுக்களுக்குப் பேடண்டு சொல்லிக்கொள்ள ஒருவருமில்லை. நம் வீடுகளிலுள்ள புதிய ரெப்ரிஜிரேட்டர்களில் ஐசோபுடேன் சத்தமின்றி வேலை செய்கிறது. ப்ரோபேனால் ஓடும் ஏர் கண்டிஷனரைக் கோத்ரெஜ் கம்பெனி 2012 முதலே இந்நாட்டில் செய்து விற்றது. ப்ரோபேன் தீப்பற்றும் என்கிறார்கள். சமையலறையில் 14.2 கிலோ எரிவாயுவை வைத்துக்கொண்டு உறங்கும் நாம், சில நூறு கிராமுக்கு அஞ்சுவது வேடிக்கை. ஆயினும் ப்ரோபேனுக்கென்று அமையாத பழைய பெட்டியில் அதை ஏற்றுவது விபத்துக்கு வழி. ஆகவே அவ்வேலை தேர்ந்த கையிலேயே நடக்க வேண்டும். மறுபடியும் மெக்கானிக்கிடமே வந்து சேருகிறோம்.

பழைய பெருவீடுகளைப் போலவே எல்லோரும் கட்டுங்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. அவை யாவருக்கும் வாய்த்தவையுமல்ல. பர்மாத் தேக்கு யாருக்குக் கிடைக்கும்? வெயிலை வாசலிலேயே நிறுத்தும் வித்தையை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு, மேற்குச் சுவருக்கு நிழல், காற்று புகுந்து வெளியேற எதிரெதிர் ஜன்னல். இவை செய்த வீட்டுக்குச் சிறிய பெட்டி போதும். சிறிய பெட்டிக்குக் குறைந்த வாயு போதும். பழைய வீடுகளை ஹோட்டல்களாக்குகிறவர்கள் முற்றத்தைக் கண்ணாடியால் மூடிப் பெரிய இயந்திரம் வைப்பதைக் காணும்போதெல்லாம், கட்டியவர்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டு சர்க்காரிடம் நாம் கேட்பது அதிகமில்லை. ஜில்லாதோறும் உள்ள தொழிற் பயிற்சி நிலையங்களில் வாயுவை மீட்கும் இயந்திரங்களை வைத்து, மெக்கானிக்குகளுக்கு நாள் வாடகையில் கொடுக்கட்டும். மீட்ட வாயுவைக் கிலோவுக்கு இன்ன விலை என்று வாங்கிச் சுத்தம் செய்யும் நிலையம் ஒன்றைக் காரைக்குடியில் முதலில் ஏற்படுத்தட்டும். ஆயிரக்கணக்கான பெட்டிகளை வைத்திருக்கும் சர்க்கார் ஆபீஸ்களும் ஆஸ்பத்திரிகளும், வாயுவைக் காற்றில் விடுகிறவருக்குப் பழுது பார்க்கும் ஒப்பந்தத்தைக் கொடுப்பதில்லை என்று விதி செய்யட்டும். இவ்விதிக்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. ஓர் உத்தரவு போதும். சிவகங்கை ஜில்லாவின் சட்டசபை அங்கத்தினர்கள் வரும் பட்ஜெட் கூட்டத்திலேயே இதைக் கேள்வியாகக் கிளப்ப வேண்டும்.