ஓடுகிற பிள்ளைக்குச் சளி பிடித்தால்

புதூர்நாட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் ஓடக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஜவ்வாது மலையின் ஏற்ற இறக்கத்திலேயே நடந்து வளர்கிறவர்கள் அவர்கள். பக்கத்தில்தான் என்று மலைக்காரர் கைகாட்டும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் கீழ்நாட்டுக்காரருக்கு மூச்சு வாங்கிவிடும்.

பெரும்பாலும் சிக்கல் வருவது, அந்தக் கால்களைப் பார்த்து யாரோ ஒரு பி.டி. வாத்தியார் மாவட்டப் போட்டிக்கு அழைத்துப் போன பிறகுதான். விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கிறது. பிள்ளை மலையிறங்குகிறது. முதல் இரண்டு மாதத்துக்குள் சளி, இருமல், காய்ச்சல் என்று மாறி மாறி வருகிறது. “பனியிலும் வெயிலிலும் ஓடவிட்டு உடம்பைக் கெடுத்துட்டாங்க” என்று வீட்டில் பேச்சு எழுகிறது. பெண்பிள்ளை என்றால் அந்தப் பேச்சு இன்னும் பலமாக எழும். சில வீடுகளில் அதோடு ஓட்டமும் முடிந்துபோகும்.

ஓடியதாலா சளி வந்தது?

இந்தச் சந்தேகம் வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டுமல்ல, விஞ்ஞானிகளுக்கும் இருந்தது. 1987-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் மாரத்தானுக்குப் பின் டேவிட் நீமன் என்ற ஆய்வாளரின் குழு ஓட்டக்காரர்களிடம் விசாரித்தது. ஓடியவர்களில் 12.9 சதவீதம் பேர் அடுத்த ஒரு வாரத்தில் சளி, காய்ச்சல் கண்டதாகச் சொன்னார்கள். அதேபோலப் பயிற்சி எடுத்தும் அன்று ஓடாதவர்களில் 2.2 சதவீதம் பேர்தான் அப்படிச் சொன்னார்கள். கடும் உழைப்புக்குப் பின் ரத்தத்தில் சில வகை வெள்ளை அணுக்கள் குறைவதும் பரிசோதனைகளில் தெரிந்தது. எதிர்ப்புச் சக்தியின் கதவு சில மணி நேரம் திறந்துகிடக்கிறது, கிருமி உள்ளே புகுந்துவிடுகிறது என்ற கருத்து பரவியது.

ஆனால் அது 42 கிலோமீட்டர் ஓட்டம். பள்ளி மைதானத்துப் பயிற்சி அல்ல. சளி வந்ததா என்று கேட்டார்களே தவிர, கிருமி இருந்ததா என்று சோதிக்கவில்லை. புழுதியைச் சுவாசித்தாலும் தொண்டை கரகரக்கும்.

காணாமல் போன அணுக்களுக்கு வேறு விளக்கமும் கிடைத்தது. ஓடும்போது, ரத்தக்குழாய்ச் சுவரிலும் மண்ணீரலிலும் ஒட்டிக் கிடக்கும் வெள்ளை அணுக்கள் ரத்தத்தில் கலந்து சுற்ற ஆரம்பிக்கின்றன. ஓட்டம் நின்று ஓரிரு மணி நேரத்தில் அவை குறைகின்றன. அவை அழிந்துபோவதில்லை, நுரையீரல், குடல் போன்ற கிருமி நுழையும் இடங்களுக்கு ரோந்து போகின்றன என்று 2018-ல் பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகத்தின் கேம்ப்பெல், டர்னர் இருவரும் எழுதினார்கள். விவாதம் இன்னும் முழுதாக ஓயவில்லை. அளவான பயிற்சி நல்லது என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அப்படியென்றால் விடுதிப் பிள்ளைக்குச் சளி எங்கிருந்து வந்தது? அறையைப் பாருங்கள். பல ஊர்ப் பிள்ளைகள், பல ஊர்க் கிருமிகள். ஒரே தண்ணீர் பாட்டில் பத்து வாய்க்குப் போகும். வீட்டு நினைப்பில் பாதி ராத்திரி தூக்கம் போயிருக்கும்; விடியுமுன் விசில் ஊதுவார்கள். இந்தத் தூக்கக் கணக்கு சாதாரணமானதல்ல. கலிஃபோர்னியாவின் ஆரிக் பிராத்தர் குழு 2015-ல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களின் மூக்கில் சளிக் கிருமியைச் சொட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட, ஆறு மணிக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. வளர்கிற பிள்ளைக்கோ எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும்.

அடுத்தது வயிறு. வெறும் டீயைக் குடித்துவிட்டு மைதானத்தில் இறங்கும் பிள்ளைகள் எத்தனையோ. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்பிள்ளைகளில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, பையன்களில் 31.1 சதவீதம். இரும்புச்சத்துக் குறைந்தால் மூச்சு மட்டுமா குறையும்? கிருமியோடு போராடும் அணுக்களும் தளரும். மலைப் பிள்ளைகளிடம் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். செருப்பில்லாமல் ஈர மண்ணில் நடக்கும் காலில் கொக்கிப்புழு ஏறி, குடலில் இருந்து ரத்தத்தை உறிஞ்சும். பள்ளியில் தரும் பூச்சி மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஜன்னல் வழியே வீசுகிற சாமர்த்தியசாலிகள் எல்லா ஊரிலும் உண்டு. வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இதற்குப் பவுடர் டப்பா வாங்கக் கடன்பட வேண்டாம். மலையில் விளையும் சாமையில் சோறு, கொள்ளு அல்லது பருப்பு, முட்டை, முருங்கைக்கீரை, கூடவே ஒரு நெல்லிக்காய். புதூர்நாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நெல்லிவாசல்நாட்டுக்குப் பெயரிலேயே நெல்லி உண்டு! நெல்லியின் வைட்டமின் சி, கீரையில் உள்ள இரும்பை உடம்பில் சேர்க்கும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ அதைத் தடுக்கும். டீ ஒரு மணி நேரம் காத்திருக்கட்டும்.

சளி வந்துவிட்டால் என்ன செய்வது? மூக்கு ஒழுகல், தும்மல் என்று கழுத்துக்கு மேலேயே நின்றால் லேசான பயிற்சி செய்யலாம். காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச் சளி என்றால் மைதானம் பக்கமே போகக் கூடாது. கிருமி சில நேரம் இதயத் தசையையும் தாக்கும். அந்த நிலையில் ஓடினால் உயிருக்கே ஆபத்தாகலாம். நாளைக்குப் போட்டி என்றாலும் இதில் பேரம் கிடையாது. காய்ச்சல் விட்ட பிறகும் முதல் நாள் நடை, மறுநாள் மெது ஓட்டம் என்றுதான் திரும்ப வேண்டும். அப்போது நெஞ்சு வலித்தாலோ படபடத்தாலோ தலை சுற்றினாலோ, வாத்தியார் என்ன சொல்வாரோ என்று பயப்படாமல் உடனே நிறுத்தி டாக்டரிடம் காட்ட வேண்டும். விடுதிக்கு அனுப்பும்போதே பிள்ளையிடம் இதைச் சொல்லி, பெட்டியில் தனித் தண்ணீர் பாட்டில் ஒன்றையும் வைத்து அனுப்பலாம்.