மாசமா இருக்கிறவளுக்கு எதுக்குடா ஊசி?

தலைப்பு என்னுடையது அல்ல. 2021 ஜூலையில் நகரியிலிருந்து பெரியம்மா போனில் கேட்ட கேள்வி. அதற்கு நான் சொன்ன பதில்தான் இந்தப் பதிவை எழுத வைக்கிறது.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு: நகரி ஆந்திராவில் இருக்கிறது, பாதி வீடுகளில் தமிழ் பேசுகிறது. தறிச் சத்தம், நகரி மூக்கு மலை, கூப்பிடு தூரத்தில் திருத்தணி. பெரிய ஆஸ்பத்திரி என்றால் திருப்பதி, இல்லாவிட்டால் எல்லை தாண்டி வேலூரோ சென்னையோ. 2020 ஏப்ரலில் வேலூர் - சித்தூர் எல்லையில் சாலைக்குக் குறுக்கே சுவரே கட்டினார்கள், ஞாபகம் இருக்கிறதா? எதிர்ப்பு கிளம்பியதும் இடித்துவிட்டார்கள். பிரசவ வலியோடு ஒருத்தி அந்தப் பக்கம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கட்டும்போது யாரும் யோசிக்கவில்லை.

யோசிக்காததுதான் இந்தக் கதை முழுக்க.

இந்தியாவில் 2021 ஜனவரி 16-ல் தடுப்பூசி தொடங்கியது. கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் வேண்டாம் என்றார்கள். காரணம், சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை, அதனால் தகவல் இல்லை. சரி, ஏன் சேர்க்கவில்லை? பாதுகாப்பாம்! தாலிடோமைட் மாத்திரையால் குழந்தைகள் ஊனமாகப் பிறந்த வரலாறு நமக்குக் கற்றுத் தந்தது என்ன? கர்ப்பிணிகளுக்குச் சரியா என்று பார்க்காமல் அவர்கள் கையில் மருந்தைக் கொடுக்காதே என்பது. நாம் படித்துக்கொண்டதோ, கர்ப்பிணிகளைச் சோதனைப் பக்கமே விடாதே என்பது.

ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை. மே 10 இரவு திருப்பதி ரூயா ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் டேங்கர் வரத் தாமதமாகி 11 பேர் செத்தார்கள். அப்போதும் கர்ப்பிணிக்கு ஊசி கிடையாது. பால் கொடுக்கும் தாய்க்கு மே 19-ல் அனுமதி வந்தது. கர்ப்பிணிக்கு வந்தது ஜூலை 2-ல். அதற்குள் அலையே அடங்கிவிட்டது. வெள்ளம் வடிந்த பிறகு படகு விட்டார்கள்.

விலை என்ன தெரியுமா? ஐ.சி.எம்.ஆரின் மும்பை நிறுவனம் வைத்திருந்த பதிவேட்டில், தொற்று வந்த கர்ப்பிணிகளிலும் பிரசவித்த தாய்மார்களிலும் இறந்தவர்கள் முதல் அலையில் நூற்றுக்கு 0.7, இரண்டாம் அலையில் 5.7. அறிகுறி வந்தவர்கள் 14.2-லிருந்து 28.7 ஆனார்கள். எண்ணாகப் படித்தால் சின்னதுதான். தாயில்லாப் பிள்ளைகளாக எண்ணிப் பாருங்கள்.

அரசாங்கத்தைத் திட்டியாயிற்று. இனி நம்மைத் திட்டுகிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தில். இங்கே 2021 ஏப்ரலிலேயே கர்ப்பிணிகளுக்கு ஊசி போடலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஜூனில் எங்கள் முறை வந்தபோது ஆறு மாதக் கர்ப்பமாக இருந்த என் மனைவியை நானே கூட்டிப்போனேன். அடுத்த மாதம் பெரியம்மா கேட்டபோது, எட்டு மாதமாக இருந்த தங்கச்சிக்கு நான் சொன்னது: "எதுக்குப் பெரியம்மா ரிஸ்க்? பிறந்த அப்புறம் போட்டுக்கட்டும்."

என் வீட்டுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம். ஏன் அப்படிச் சொன்னேன்? ஏதாவது ஆனால் பழி என் மேல் வருமே என்ற பயம். ஊசி போட்டு ஆனால் நான் சொன்னதால் ஆனது. போடாமல் ஆனால் விதி. இந்தக் கணக்கைத்தான் "அக்கறை" என்கிறோம்.

ஆகஸ்டில் தங்கச்சிக்குத் தொற்று. மூன்று வாரம் முன்னதாகப் பிரசவம். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் குழந்தையைப் பத்து நாள் தனியாக வைத்துப் பவுடர் பால் கொடுத்தார்கள். மாஸ்க் போட்டு, கை கழுவி, தாயே பால் கொடுக்கலாம், சேர்ந்தே இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-லிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. அதையும் யாரும் கேட்கவில்லை. இரண்டு உயிரும் பிழைத்தன. என் புண்ணியத்தில் அல்ல.

இங்கிலாந்திலும் பயந்தவர்கள் இருந்தார்கள். 2021 ஜூலைக்குப் பிறகு எக்மோ கருவியில் வைக்கப்பட்ட கோவிட் நோயாளிகளில் ஐந்தில் ஒருவர் ஊசியே போடாத கர்ப்பிணி என்று அந்த அக்டோபரில் இங்கத்திய சுகாதாரத் துறை சொன்னது.

"கர்ப்பத்தில் ஊசியே ஆகாது" என்பவர்களுக்கு ஒன்று. உங்கள் அம்மாவைக் கேளுங்கள், டி.டி. ஊசி போட்டாளா இல்லையா என்று. தாய்க்குப் போட்ட அந்த ஊசிக்கும் ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்கும் பெரும் பங்கு உண்டு, 2015-ல் இந்தியா தாய் சேய் டெட்டனஸை ஒழித்ததாக அறிவிக்கப்பட்டதில். தாய்க்குப் போடும் ஊசியின் எதிர்ப்புச் சக்தி தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்குக் கோவிட் ஊசி கிடையாது. தாயிடமிருந்து வருவதுதான் அதற்குக் கவசம்.

கோவிட் அடங்கிவிட்டது, இனி எதற்கு இதெல்லாம் என்பீர்கள். ஃப்ளூ அடங்கவில்லை. கக்குவான் அடங்கவில்லை. அடுத்த நோய்க்கும் புது மருந்து வரும், மறுபடியும் "கர்ப்பிணிகளிடம் தகவல் இல்லை" என்பார்கள். அப்போது "ஏன் இல்லை?" என்று கேட்க வேண்டியது நாம்.

அதுவரை ஒரே வேண்டுகோள். ஊரிலிருந்து போன் வந்து, "மாசமா இருக்கா, ஊசி போடலாமா?" என்று கேட்டால், நீங்கள் சாஃப்ட்வேர்காரர் என்பதை நினைவில் வையுங்கள். டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள். அதையும் மீறிக் கேட்டால், உங்கள் மனைவிக்கு என்ன செய்தீர்களோ அதைச் சொல்லுங்கள்.

நான் சொல்லவில்லை.