பனிக்காலையில் கார் கிளம்பாவிடில்

மார்கழி பிறந்துவிட்டால் நீலகிரியில் வாழும் நம் குடும்பங்களுக்கு விடியற்காலைத் திருப்பலிக்குப் புறப்படுவதே ஒரு தவமுயற்சியாகும். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் அமைந்த உதகையில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும் நாள்கள் பல. தலைக்குந்தாவிலும் காந்தலிலும் புல்வெளியெங்கும் உப்பைத் தூவினாற்போல் வெளுத்துக் கிடக்கும் அந்த வேளையில், வாசலில் நிற்கும் காரின் சாவியைத் திருப்பினால், அது இருமுறை முனகிவிட்டு ஓய்ந்துபோகிறது. திருப்பலிக்குத் தாமதமாவது ஒருபுறம் இருக்கட்டும். மூச்சுத் திணறும் முதியவரை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும்போதோ, நோயில்பூசுதலுக்காகப் பங்குத் தந்தையை அழைத்துவரச் செல்லும்போதோ இவ்வாறு நேர்ந்தால் என் செய்வது? இதுபற்றி வாசகர் சிலர் கேட்டிருப்பதால், இத்திங்கள் இப்பகுதியில் அதனையே எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் காரணத்தை அறிவோம். காரின் பாட்டரி ஒரு வேதிவினையால் மின்சாரம் தருவது. குளிர் கூடினால் அவ்வினை மந்தமாகிவிடும். வெப்பநிலை பூஜ்யம் டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, பாட்டரி தன் கிளப்பும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. அதே வேளையில் என்ஜினிலுள்ள ஆயிலும் குளிரால் கெட்டியாகி, சுழல மறுக்கிறது. வரவு குறைந்த மாதத்தில்தான் செலவும் கூடிவரும் என்பது குடும்பம் நடத்துவோர் அறிந்ததே. இங்கும் நிகழ்வது அதுவே. புதிய பாட்டரிக்குக் கையிருப்பு உண்டு, சமாளித்துக்கொள்ளும். மூன்று நான்கு ஆண்டுகள் உழைத்துக் களைத்த பாட்டரியோ சித்திரையில் ஒன்றும் சொல்லாமல் வேலைசெய்துவிட்டு, மார்கழியில் கையை விரித்துவிடும்.

கார் கிளம்பவில்லையென்றதும் நம்மில் பலர் செய்வது, சாவியை விடாமல் திருப்பித் திருப்பி அடிப்பதுதான். எஞ்சியிருக்கும் சிறிதளவு மின்சாரமும் இதனால் தீர்ந்துபோகும்; செல்ப் மோட்டாரும் சூடேறிக் கெடும். ஒருமுறைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடித்தல் ஆகாது. பின்னர் ஒரு நிமிடமாவது ஓய்வு தரவேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு, வண்டி என்ன சொல்லிற்று என்று எண்ணிப் பார்ப்பது நலம்.

சாவியைத் திருப்பியதும் “டிக் டிக் டிக்” என்று விரைந்த ஒலி மட்டும் கேட்டு, முன்விளக்கும் மங்கினால், பாட்டரி வலுவிழந்துள்ளது என்று பெரும்பாலும் கொள்ளலாம். விளக்கு பளிச்சென்று எரிந்தும் ஒரே ஒரு “டக்” ஒலியோடு நின்றுவிட்டால், செல்ப் மோட்டாரையோ அதற்குச் செல்லும் இணைப்பையோ ஐயுறவேண்டும். செல்ப் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பற்றாவிட்டால் பாட்டரியைக் குறைகூறிப் பயனில்லை. பெட்ரோல் வரவில்லை, அல்லது ஸ்பார்க் பிளக்கில் பொறி எழவில்லை என்பது பொருள். இக்காலத்துக் கார்களில் சாவியைப் பாதி திருப்பியதும் பின்புறம் பெட்ரோல் பம்ப் ஓரிரு விநாடி மெல்ல ரீங்காரமிடும்; அது கேட்கிறதா என்று கவனித்தபின் செல்ப் அடிக்கலாம். பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்களில், சாவிக்குள் இருக்கும் சிறு பாட்டரி நலிந்திருந்தாலும் வண்டி அசையாது. பல வண்டிகளில் சாவியையே அப்பொத்தானின்மேல் வைத்து அழுத்தினால் வேலைசெய்யும். வண்டியோடு வந்த கையேட்டைப் பிரித்துப் படிக்காமல் பீரோவில் பூட்டிவைத்திருப்போர் இப்போதாவது அதனை எடுத்துப் பார்ப்பாராக.

சில நேரம் பாட்டரி நன்றாகவே இருக்க, அதன் முனைகளில் வெண்பச்சையாகப் பூத்திருக்கும் உப்புப் பொடியே மின்சாரத்தைத் தடுத்துக்கொண்டிருக்கும். இதற்குச் செலவே இல்லை. என்ஜினை நிறுத்தி, கறுப்பு முனையை முதலிலும் சிவப்பு முனையைப் பின்னரும் கழற்றி, ஆப்பச்சோடா கரைத்த வெதுவெதுப்பான நீரால் பழைய பல்துலக்கி கொண்டு தேய்த்துத் துடைத்து, சிவப்பை முதலில் மாட்டி, கறுப்பைக் கடைசியில் மாட்டவேண்டும். பின்னர் முனைகளின்மேல் சிறிது வாசலின் தடவலாம். கண்ணிலும் கையிலும் அப்பொடி படலாகாது. டாஷ்போர்டில் புனித கிறிஸ்தோபரின் பதக்கத்தைப் பக்தியோடு பதித்திருக்கும் பல வண்டிகளில், பானெட்டைத் திறந்து பார்த்தே ஆண்டுக்கணக்காகியிருக்கும். பதக்கம் இருக்கட்டும், பானெட்டையும் திறக்கலாம்.

டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றை அழுத்திப் பிறக்கும் சூட்டிலேயே எரிபொருள் பற்றுகிறது. குளிர்ந்த என்ஜினில் அச்சூடு போதாமையால், குளோ பிளக் என்னும் சிறு சூடேற்றி வைத்திருக்கிறார்கள். சாவியைத் திருப்பியதும் முன்பலகையில் சுருள்கம்பி வடிவில் ஒரு விளக்கு எரியும். அது அணைந்தபின்பே செல்ப் அடிக்கவேண்டும். கடுங்குளிரில் இருமுறை அவ்வாறு சூடேற்றிவிட்டு அடிப்பது இன்னும் நல்லது. டீசலிலுள்ள மெழுகு உறைந்து வடிகட்டியை அடைப்பதும் உண்டு. இதற்காகவே லடாக் பகுதிக்கென்று, மைனஸ் 33 டிகிரி வரையிலும் உறையாமல் ஒழுகும் தனிவகை டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் வெளியிட்டது. நம் மலையில் அத்தனை கடுங்குளிர் இல்லை.

ஆயிலைப் பற்றியும் ஒரு சொல். டப்பாவின்மேல் 20டபிள்யூ-40 என்றும் 5டபிள்யூ-30 என்றும் அச்சிட்டிருப்பார்கள். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண் சிறிதாக இருந்தால், ஆயில் குளிரில் எளிதாக ஓடும். கையேடு இடந்தரும் வகைகளுள் அத்தகையதை மலைவாசிகள் தேர்ந்துகொள்ளலாம்.

அண்டைவீட்டாரின் காரிலிருந்து மின்சாரம் கடன்வாங்குவது நல்ல வழியே. ஆனால் வரிசை தவறலாகாது. இரு வண்டிகளும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கட்டும். ஜம்பர் கேபிளின் சிவப்பு முனையை நலிந்த பாட்டரியின் பிளஸ்ஸிலும், அதன் மறுமுனையை நல்ல பாட்டரியின் பிளஸ்ஸிலும் கவ்வவிட வேண்டும். கறுப்பை நல்ல பாட்டரியின் மைனஸில் மாட்டி, அதன் மறுமுனையைக் கிளம்பாத காரின் பாட்டரியில் மாட்டாமல், சற்றுத் தள்ளி என்ஜினின் வெற்று இரும்பில் மாட்டவேண்டும். பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியக்கூடும். கடைசி இணைப்பில் தெறிக்கும் பொறி அதற்கு அருகில் விழலாகாது என்பதே காரணம். இருட்டில் தீக்குச்சி கிழித்துப் பாட்டரியைப் பார்க்கும் வழக்கத்தையும் இதனால்தான் அறவே விடவேண்டும்.

மலைநாட்டார்க்கு இன்னொரு பழக்கமும் உண்டு. சரிவில் வண்டியை உருளவிட்டு, இரண்டாம் கியரில் கிளச்சை விடுவித்துக் கிளப்புவது. சமதளத்தில் இருவர் தள்ளிச் செய்தால் இதில் தவறில்லை. ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளில் மட்டும் இது பயன்படாது. வளைவுகள் நிறைந்த இறக்கத்திலோ இது உயிரோடு விளையாடுவதாகும். என்ஜின் ஓடாதபோது பிரேக்கிற்கு அது தரும் துணைவிசை ஓரிரு மிதிப்போடு தீர்ந்துவிடும். பவர் ஸ்டியரிங்கும் கல்லாய்க் கனக்கும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு எவரும் இதனைச் செய்யற்க.

இனி, இக்கட்டுரையில் மற்றவற்றை மறந்தாலும் வாசகர் மறவாமல் கொள்ளவேண்டிய செய்தி. அரும்பாடுபட்டு என்ஜினைக் கிளப்பியபின், குளிருக்கு அஞ்சிக் கொட்டகையின் கதவைச் சாத்தியபடியே வண்டியைச் சூடேற விடுவோர் உண்டு. புகையில் கலந்துவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேலாகப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல், உறக்கம் என்று வந்து, எழுந்து கதவைத் திறக்கவும் வலுவில்லாமல் செய்துவிடும். கொட்டகையை ஒட்டிய அறையில் உறங்கும் குழந்தையையும் அது சென்றடையும். அடைத்த அறையில் கரியடுப்பு மூட்டிப் படுத்து உயிரிழப்போரைக் கொல்வதும் இதே வாயுதான். ஆகவே முதலில் கதவை முழுவதும் திறவுங்கள். வண்டி கிளம்பியதும் வெளியே கொணர்ந்துவிடுங்கள். அரை நிமிடம் நின்றபின் மெதுவாக ஓட்டிச் சென்றாலே என்ஜின் சூடேறிக்கொள்ளும். நெடுநேரம் நிறுத்தி உறுமவிடத் தேவையில்லை. யாரேனும் மயங்கிக் கிடந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு வெளிக்காற்றுக்கு இழுத்துவந்து, உடனே மருத்துவ உதவி தேடவேண்டும்.

கண்ணாடியில் படிந்த பனியைக் கரைக்க வெந்நீர் ஊற்றுவோருக்கும் ஒரு சொல்: கண்ணாடி வெடித்துவிடும். பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி எடுங்கள்.

கார்த்திகை மாதத்திலேயே மெக்கானிக்கிடம் பாட்டரியைச் சோதித்துவிடுதல் நன்று. ஓய்விலிருக்கும் பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதிதான் உள்ளது. 12-க்குக் கீழ் என்றால் நள்ளிரவுத் திருப்பலிக்கு அதனை நம்பிச் செல்லவேண்டாம். குளிர்காற்று பள்ளத்தில் தேங்குவதால், இரவில் வண்டியைத் தாழ்ந்த இடத்தில் நிறுத்தாமல், மேட்டில் சுவரோரமாக நிறுத்தலாம். வீட்டில் நோயாளி இருந்து வண்டி இருமுறைக்குள் கிளம்பாவிட்டால், பானெட்டைத் திறந்து ஆராய்ந்துகொண்டிராமல் 108-ஐ அழைத்துவிடுங்கள். வண்டியைப் பொழுது விடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.