மலைக்கல்லும் மருந்துக்கல்லும்

கொடைக்கானலை அடுத்த வில்பட்டியில் பூண்டும் கேரட்டும் விளைகின்ற படிக்கட்டு வயல்களுக்கு அடியில் கிடப்பது சார்னோக்கைட் என்னும் மிகப் பழைய பாறையாகும். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்காகச் சென்னைப் பகுதியிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்னும் நிலவியலாளர் 1893-இல் இப்பெயரை இட்டார். பழனி மலைத்தொடரின் பெரும்பகுதியும் இவ்வகைப் பாறையால் ஆனதே. இதன் முக்கியக் கூறுகளுள் ஒன்று குவார்ட்ஸ், அதாவது சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். இதுவே குறையின்றித் தெளிவாகப் படிகமாகும்போது ஸ்படிகம் என்று பெயர் பெற்று, மாலையாகவும் லிங்கமாகவும், அண்மைக்காலத்தில் ‘ஹீலிங் கிரிஸ்டல்’ என்ற பெயரில் நோய் தீர்க்கும் கல்லாகவும் விலைபோகிறது. குவார்ட்ஸின் அண்மை ஒன்றே உடலைச் சீராக்கிவிடும் என்பது உண்மையானால் வில்பட்டியில் மருத்துவருக்கு வேலையே இருந்திருக்காது.

ஸ்படிகத்திற்குத் தமிழ்நாட்டு வழிபாட்டில் இருக்கும் இடம் பழமையானது. இராமேஸ்வரத்தில் அதிகாலையில் நடைபெறும் ஸ்படிக லிங்க தரிசனமும், சிதம்பரத்தில் ஸ்படிக லிங்கத்துக்கு நடைபெறும் அபிஷேகமும் பலர் அறிந்தவை. ஆனால் உடலின் ஏழு சக்கரங்களுக்கு ஏழு நிறக் கற்கள் என்று இன்று கடைகளில் ஒட்டப்படும் அட்டவணை மேற்கில் இருபதாம் நூற்றாண்டில் உருவாகி, சமஸ்கிருதப் பெயர்களோடு இங்கே திரும்பி வந்த சரக்கு. ஸ்படிக மாலை உடற்சூட்டைத் தணிக்கும் என்ற நம்பிக்கையில் மட்டும் ஓர் அரைகுறை உண்மை உண்டு: கண்ணாடியைவிடக் குவார்ட்ஸ் வெப்பத்தைப் பல மடங்கு விரைவாகக் கடத்துவதால் தொட்ட கணத்தில் அது குளிர்ந்திருக்கிறது, கண்ணாடி மணியிலிருந்து அசல் ஸ்படிகத்தைப் பிரித்தறிய வியாபாரிகள் கன்னத்தில் வைத்துப் பார்ப்பதும் இதனாலேயே. சற்று நேரத்தில் கல் உடலின் வெப்பநிலையை எட்டிவிட, அந்தக் குளிர்ச்சியும் முடிந்துபோகிறது. அழுத்தினால் குவார்ட்ஸில் மின்னேற்றம் தோன்றும் என்று 1880-இல் ஜாக் கியூரியும் பியேர் கியூரியும் கண்டறிந்ததையும் கல் விற்பவர்கள் சான்றாகக் காட்டுவார்கள். கைக்கடிகாரத்தின் குவார்ட்ஸ்கூட மின்கலம் இல்லாமல் அதிர்வதில்லை என்பதை அவர்கள் சொல்வதில்லை. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலாளர் கிறிஸ்டோபர் பிரெஞ்ச் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், 80 பேரிடம் அசல் கல்லையோ போலிக் கல்லையோ கொடுத்துத் தியானிக்கச் சொன்னபோது, உள்ளங்கையில் சூடு, கூச்சம் முதலிய உணர்வுகளை இரு தரப்பினருமே ஒன்றுபோலத் தெரிவித்தனர். இன்னின்ன உணர்வு வரும் என்று முன்கூட்டியே எடுத்துச் சொல்லப்பட்டவர்களிடம் அவை கூடுதலாகக் காணப்பட்டன.

இவ்வளவில் ஸ்படிகத்தால் பணப்பைக்கு நேரும் இழப்பைத் தவிர வேறு தீங்கில்லை. பழனி மலைத்தொடருக்கே உரிய கல் வேறொன்று. அதன் கதையில் தீங்கும் உண்டு.

பழனி தண்டாயுதபாணியின் மூலத்திருமேனி நவபாஷாணத்தால் ஆனது என்றும், அதைச் செய்தவர் போகர் என்னும் சித்தர் என்றும் மரபு கூறுகிறது. கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறையில் உள்ள குழந்தை வேலப்பர் திருமேனியையும் மக்கள் போகரோடு இணைத்தே பேசுகின்றனர். பாஷாணம் அல்லது பாடாணம் என்பது சித்த மருத்துவத்தில் நஞ்சுத்தன்மை கொண்ட கனிமச் சரக்குகளுக்குரிய பெயர். இயற்கையில் கிடைக்கும் பிறவிப் பாடாணம் 32, செய்து எடுக்கும் வைப்புப் பாடாணம் 32 என்று மொத்தம் 64 வகைகளை அம்மரபு எண்ணுகிறது. நவபாஷாணத்தில் சேரும் ஒன்பது எவை என்பதில் பட்டியலுக்குப் பட்டியல் வேறுபாடு இருப்பினும், வீரம், பூரம், லிங்கம், வெள்ளைப் பாடாணம், கந்தகம் ஆகிய பெயர்கள் அடிக்கடி வருகின்றன. இவற்றுள் வீரமும் பூரமும் பாதரசத்தின் குளோரைடுகள். லிங்கம் பாதரசத்தின் சல்பைடு. வெள்ளைப் பாடாணம் ஆர்சனிக்கின் ஆக்சைடு.

இவற்றைக் கையாளும் மரபு இவற்றின் நஞ்சை ஒருபோதும் மறைத்ததில்லை. சுத்தி என்னும் நஞ்சகற்றும் முறையும், மருந்தை மூடி வறட்டியின் தீயில் எரித்தெடுக்கும் புடமும், எவ்வளவு, எத்தனை நாள், எந்தத் துணைமருந்தோடு என்ற அளவும், பத்தியமும் சேர்ந்ததே மருந்து. நாட்டின் சட்டமும் அவ்வெச்சரிக்கையை ஏற்றிருக்கிறது: 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் சித்த மருத்துவத்துக்குரிய நச்சுப்பொருள்களுக்குத் தனி அட்டவணை உண்டு, அவை சேர்ந்த மருந்தின் மேலுறையில் மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்று அச்சிட வேண்டும். இத்தனைக்குப் பிறகும் சுத்தி நஞ்சை முற்றிலும் போக்கிவிடுகிறதா என்ற கேள்வி ஆய்வுக்கூடத்தில் விடைகாண வேண்டியதே அன்றிப் பக்தியால் தீர்வதன்று. பூரத்தை ஐரோப்பிய மருத்துவமும் பல தலைமுறைகளாகக் கையாண்டது, பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் கொடுத்த பொடியால் கைகால் சிவந்து வலிக்கும் நோய் பரவியதை உணர்ந்த பிறகே, 1950-களில், பிரிட்டனில் அப்பொடிகள் கைவிடப்பட்டன.

பழனிக் கோயிலின் நடைமுறை இன்னும் சிக்கனமானது. இரவில் திருமேனியில் சாத்தும் இராக்காலச் சந்தனமும் கௌபீனத் தீர்த்தமும் காலையில் பக்தர்களுக்குப் பிரசாதமாகின்றன. அடியவர் பெறுவது சிறிதளவே, கல்லை எவரும் வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை. திருமேனி அபிஷேகங்களால் தேய்கிறது என்ற கவலையும் நெடுநாளையது. அதனையொட்டி 2004-இல் புதிதாக வைக்கப்பட்ட ஐம்பொன் திருமேனி எதிர்ப்புக்குப் பின் சில மாதங்களிலேயே அகற்றப்பட்டது. அடியவர் அந்தச் சந்நிதியில் தேடுவது முருகனைத்தானே தவிர ஆர்சனிக்கை அன்று. அந்த நம்பிக்கைக்கு வேதியியல் சான்றிதழ் தேவையுமில்லை.

இன்றைய சந்தையோ கோயிலின் பெயரை வைத்துக்கொண்டு மரபின் கட்டுப்பாட்டைக் கழற்றிவிட்டது. நவபாஷாண மணி, நவபாஷாண மாலை, பாதரசத்தைக் கட்டிச் செய்ததாகச் சொல்லப்படும் ரசமணி என்று இணையத்தில் விற்கப்படும் பொருள்களுள் சிலவற்றை இரவில் நீரிலோ பாலிலோ ஊறவைத்துக் காலையில் பருகுமாறு விற்பவர்களே அறிவுறுத்துகின்றனர். பாதரசம் சுழியத்துக்குக் கீழே 39 டிகிரி செல்சியஸ் குளிரில்தான் உறையும்; எனவே சாதாரண அறையில் திடமாக இருக்கும் ரசமணியில் வேறு உலோகமோ சேர்மமோ கலந்திருக்கவே வேண்டும், அது வெள்ளியா ஈயமா என்பது கண்ணால் பார்த்துத் தெரிவதில்லை. நவபாஷாண மணியிலோ விற்பவர் சொல்வது பொய்யானால் வாங்குபவர் ஏமாறுகிறார். மெய்யானால், நீரில் கரையக்கூடிய வீரத்தையும் வெள்ளைப் பாடாணத்தையும் அளவு தெரியாமல் நாள்தோறும் குடிக்கிறார்.

பாதரசம் என்ன செய்யும் என்பதைக் கொடைக்கானலுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து கொண்டுவரப்பட்டு 1980-களின் தொடக்கத்தில் இம்மலையில் நிறுவப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை, பிற்காலத்தில் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்துக்கு உரியதாகி, பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் கண்டெடுக்கப்பட்டதை அடுத்து 2001-இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கான உடன்பாடு எட்டப்பட 2016-ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. ஆலையின் கழிவில் தெரிந்த நஞ்சு மணியாகக் கோக்கப்பட்டவுடன் மருந்தாகத் தோன்றுவது விந்தைதான்.

ஸ்படிக மாலை அணிவோர் அணியட்டும். செபத்தில் மனம் ஒருமுகப்பட அது துணைசெய்யுமானால் அதுவே அதன் பயன். ஆனால் நவபாஷாணம் என்றோ ரசமணி என்றோ வாங்கிய எதையும் நீரிலும் பாலிலும் இட்டுப் பருகக் கூடாது, குழந்தைகள் வாயில் வைக்கும் இடத்தில் வைக்கவும் கூடாது. ஏற்கெனவே பல நாள் பருகியவர்கள் அதை நிறுத்தி, மருத்துவரிடம் விவரத்தைச் சொல்லி, இரத்தத்திலும் சிறுநீரிலும் பாதரசம், ஆர்சனிக், ஈயம் ஆகியவற்றின் அளவைச் சோதித்துக்கொள்வது நல்லது.