கணனிக்கு முன் ஆசிரியர்

வகுப்பறைக்குள் கணனி வந்துவிட்டது. அதனைக் கொண்டு குடியியற் கல்வியைப் புகட்ட வேண்டிய ஆசிரியர் அதற்கென ஆயத்தப்படுத்தப்பட்டுள்ளாரா என்பதே இன்று எம்முன் உள்ள கேள்வியாகும்.

2016 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 12 மாநிலங்களின் மாணவர்களிடமிருந்து பெற்ற 7,804 விடைகளை ஆராய்ந்தனர். இடைநிலை வகுப்பு மாணவருள் 80 சதவீதத்திற்கும் அதிகமானோர், விளம்பரம் என்று குறிக்கப்பட்டிருந்த ஆக்கத்தைச் செய்தியென்றே நம்பினர். திரையை இயக்கத் தெரிந்த பிள்ளைகளுக்குத் திரையில் உள்ளதை எடைபோடத் தெரியவில்லை.

குறை பிள்ளைகளுடையது மட்டுமன்று. 2017 இல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மற்றோர் ஆய்வில் வரலாற்றறிஞர் 10 பேரும், மாணவர் 25 பேரும், செய்திகளின் உண்மையைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டோர் 10 பேரும் ஒரே இணையப் பக்கங்களை மதிப்பிட்டனர். கலாநிதிப் பட்டம் பெற்ற அறிஞரும் பக்கத்தின் தோற்றப் பொலிவில் மயங்கினர். சரிபார்ப்போரோ அப்பக்கத்தில் தங்கவில்லை. உடனே வெளியேறி, அதனை நடத்துவோர் யார், அவர்களைப் பற்றிப் பிறர் கூறுவது யாது என்று வேறிடங்களில் தேடினர்.

ஊன்றிப் படிக்கும் பழக்கம் ஆசிரியரின் செல்வம். எனினும் திரையில், ஊன்றிப் படிக்குமுன் அது படிக்கத் தகுந்ததா என விசாரித்தல் வேண்டும். இது ஒரு நாள் கருத்தரங்கில் கைவரும் வித்தையன்று. ஆசிரியர் தாமே பொய்யையும் மெய்யையும் பிரித்துப் பார்த்து, சக ஆசிரியருடன் ஒப்புநோக்கிப் பழகிய பின்னரே வகுப்பில் கற்பிக்க இயலும். 2016 முதல் நடைமுறைக்கு வந்த பின்லாந்தின் பாடத்திட்டம் இத்தகைய பன்முக எழுத்தறிவை எல்லாப் பாடங்களுக்கும் உரிய திறனாக வகுத்தது. கணனி ஆசிரியரின் தலையில் மட்டும் அது சுமத்தப்படவில்லை.

வதந்தி என்ன செய்யும் என்பதை 1983 யூலையில் கண்ட சமூகம் நாம். 2018 பெப்ரவரியில் அம்பாறை உணவகமொன்றில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாகப் பொய் பரவி, முஸ்லிம் மக்கள் தாக்கப்பட்டனர். மார்ச்சில் கண்டி மாவட்டம் எரிந்தபோதே அரசு முகநூலைத் தடுத்தது. அந்நிறுவனம் மன்னிப்புக் கோரியதோ 2020 இல். தடையும் மன்னிப்பும் வதந்திக்குப் பின்னரே வந்து சேர்ந்தன.

புகலிடத்தில் எமது இல்லங்கள் பலவற்றில் பெற்றோருக்குக் கடிதம் வாசித்துச் சொல்பவர் பிள்ளையே. அகதி விண்ணப்பம் பற்றிக் கைத்தொலைபேசியில் வரும் செய்தி மெய்யா பொய்யா என்று கேட்கப்படுவதும் அப்பிள்ளையிடமே. தவறான பதில் ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே கெடுத்துவிடலாம்.

ஆகவே பெற்றோர் பாடசாலைக் கூட்டங்களில் இதனைக் கேட்டல் வேண்டும்: எமது பிள்ளைகளின் ஆசிரியருக்கு இப்பயிற்சிக்கென எத்தனை மணி நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது? வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும் வாளாவிருத்தல் ஆகாது. எம்மிடையே தமிழில் உலாவும் செய்திகளிலிருந்து இரண்டையேனும் எடுத்து, முதலில் ஆசிரியரும் பின்னர் மாணவரும் அவற்றின் ஊற்றைத் தேடிப் பழகுவதற்குப் பெருஞ் செலவு தேவையில்லை. ஒரு மணி நேரமும் மனமும் போதும்.